நாவலில் ‘அலுப்பான’ பகுதிகள்: ஒரு வரலாற்று நோக்கு

நாவல் வாசிப்போர் பலரிடத்தே ஒரு வழக்கம் உண்டு. கதை விறுவிறுப்பாகச் செல்லும் பக்கங்களை எழுத்தெழுத்தாக வாசிப்பர். வருணனையோ, வழிப்பயணமோ, ஒரு தொழிலின் விவரமோ வந்துவிட்டால் நாலைந்து பக்கங்களை ஒருங்கே புரட்டி, அடுத்த உரையாடல் எங்கே தொடங்குகிறது என்று தேடுவர். எழுதுவோரும் இதனை அறிவர். எனவேதான் கதை எழுதப் புகும் இளைஞர் கேட்கும் கேள்விகளுள், நிகழ்ச்சி குறைந்த பகுதிகளைச் சுவை குன்றாமல் எழுதுவது எவ்வாறு என்பது முதன்மையானதாக இருந்து வருகிறது.

இதற்கு விடையளிக்கும் கைந்நூல்கள் உத்திகளையே எடுத்துரைக்கின்றன. வாக்கியத்தைச் சுருக்குக, உரையாடலைப் பெய்க, அதிகார முடிவில் ஒரு முடிச்சைப் போடுக என்பன போன்ற அறிவுரைகள் அவை. அவற்றைப் பயனற்றவை என நாம் ஒதுக்கவில்லை. ஆயினும் அவற்றுக்கு முன்னர்க் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு கதையில் அலுப்பான பகுதி எது? அதனை அலுப்பானதெனத் தீர்மானித்தவர் யார்? ஐரோப்பிய நாவலின் வரலாற்றை இக்கேள்வியோடு அணுகினால், வெறும் உத்திப் பிரச்சினையாகத் தோன்றியது வர்க்கப் பார்வையின் பிரச்சினையுமாகும் என்பது புலனாகும்.

நாவலுக்கு முற்பட்ட வீரகாதைகளில் இப்பிரச்சினை எழவில்லை. வீரன் போர்புரிவான், காதலிப்பான், சபதமேற்பான். அவன் எங்கே உண்டான், உண்டதற்கு யார் பணம் கொடுத்தார் என்பன காதையில் இடம்பெறுவதில்லை. 1605ஆம் ஆண்டு வெளிவந்த ‘டொன் குவிக்சோட்’ நாவலின் முதற் பாகத்தில் செர்வாண்டிஸ் இதனையே நகைச்சுவைக்குப் பொருளாக்கினார். வீரத் திருவுலாப் புறப்பட்ட நாயகனிடம் சத்திரக்காரன், கையிற் பணம் உண்டா என வினவுகிறான். எந்த வீரனும் பணம் கொண்டு சென்றதாகத் தாம் எந்நூலிலும் வாசித்ததில்லை என்கிறார் நாயகர். பணமும் வெளுத்த சட்டையும் எவருக்கும் வேண்டியவை என்பது வெளிப்படையாதலால் ஆசிரியர்கள் அவற்றை எழுதாது விட்டனர் என்று சத்திரக்காரன் விளக்குகிறான். நாம் சிரிக்கிறோம். ஆனால் இச்சிரிப்பினுள் ஒரு புதிய இலக்கிய வடிவத்தின் பிறப்பே அடங்கியிருக்கிறது. எழுதத் தகாத அற்பங்களென விடப்பட்ட பணமும் சட்டையும் எழுத்தினுள் நுழைந்தபோதே நாவல் நாவலாயிற்று. அவை நுழைந்த அன்றே, அவற்றை அலுப்பூட்டாமல் எவ்வாறு சொல்வது என்ற பிரச்சினையும் உடன் நுழைந்தது.

இதற்கு முதற் பெருவிடையை அளித்தவர் டானியல் டீபோ. அவர் பிரபு வம்சத்தவரல்லர்; இலண்டன் வணிகர்; 1692இல் கடனில் மூழ்கி முறிந்தவர்; தில்பரி என்னுமிடத்திற் செங்கல்லும் ஓடும் செய்யும் சூளை நடத்தியவர். 1719இல் அவர் வெளியிட்ட ‘றொபின்சன் குறூசோ’ நாவலைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். ஒருவன் தனியே ஒரு தீவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்கிறான். மணலில் ஒரு மனிதக் காலடியை அவன் காண்பதற்கே ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. வீரகாதையின் அளவுகோலால் அளந்தால் அதுவரையில் நிகழ்ந்தது ஒன்றுமில்லை. ஆயினும் உலகெங்கணும் வாசகர் விரும்பி வாசித்த பக்கங்கள் அவையே.

இதன் இரகசியம் என்ன? குகையினுள் ஒரு நீண்ட தட்டு அமைக்க வேண்டும். அதற்கு ஒரு பலகை தேவை. பலகை அறுக்கும் வசதி இல்லை. ஆகவே ஒரு மரத்தையே வெட்டி, இருபுறமும் செதுக்கிச் செதுக்கி ஒரே பலகையாக்குகிறான். 42 நாட்கள் செல்கின்றன. ஓடம் வேண்டிப் பெருமரம் ஒன்றைச் சாய்க்க 20 நாட்கள், கிளை கழிக்க 14 நாட்கள், வெளிப்புறம் செதுக்க ஒரு மாதம், உட்புறம் குடைய ஏறக்குறைய மூன்று மாதம். இவ்வளவும் முடிந்த பின்னரே, அவ்வோடத்தை நீர்க்கரைக்கு நகர்த்தும் வலு தன்னிடம் இல்லையென்பதை உணர்கிறான். மண்பானைகள் பல உருக்குலைந்த பின், அடுப்பில் தற்செயலாகக் கிடந்த ஓட்டுத்துண்டு ஒன்று கல்போல் இறுகிச் சிவந்திருப்பதைக் கண்டு சூளையின் நுட்பத்தைக் கற்கிறான். செங்கற்சூளை நடத்திய கைக்கே இப்பகுதி வசப்பட்டிருக்கும். ஒரு தேவை, அதற்கு ஒரு தடை, செலவான உழைப்பின் அளவு, ஈற்றில் வெற்றியோ தோல்வியோ. இந்நான்கும் அமைந்தவிடத்துப் பானை வனைதலும் போரைப் போலவே வாசகனைப் பற்றிக்கொள்ளும் என்பதை டீபோ காட்டினார். 1762இல் வெளிவந்த ‘எமில்’ என்ற கல்வி நூலில், தம் மாணவன் முதலிற் படிக்க வேண்டிய நூலாக ரூசோ இதனைத் தெரிந்ததும் இவ்வுழைப்புப் பகுதிகளை முன்னிட்டே.

ஆனால் இதே நாவலில் மற்றொரு பக்கமும் உண்டு. குறூசோவுக்குப் பிரேசிலில் ஒரு தோட்டம் இருந்தது. அவன் கப்பலேறியதே அத்தகைய தோட்டங்களுக்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருதற்பொருட்டுத்தான். இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் மீண்டபோது 5,000 பவுணுக்கு மேற்பட்ட பணமும், ஆண்டுக்கு 1,000 பவுணுக்கு மேல் வருவாய் தரும் தோட்டமும் தனக்குரியனவாய் இருக்கக் காண்கிறான். அப்பணத்தை விளைவித்த உழைப்பு எங்கே? தன் கையாற் செய்த ஒரு பலகைக்கு 42 நாட்களைக் கணக்கிட்டவன், பிறர் கைகள் இருபத்தெட்டு ஆண்டுகள் செய்த வேலையை ஒரு கணக்கு வரிசையில் அடக்கிவிடுகிறான். அங்கே ஒரு பானை உடையவில்லை. ஒருவர் முதுகும் நோகவில்லை. அடிமைகளின் உழைப்புத்தான் அந்நாவலின் உண்மையான ‘அலுப்பான பகுதி’, அது எழுதப்படவேயில்லை. எழுச்சி பெற்றுவந்த வணிக வர்க்கம் தன் உழைப்பைக் காவியமாகவும், பிறர் உழைப்பை வருமானமாகவும் கண்டதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது விடை ஹென்றி பீல்டிங்குடையது. 1749இல் வெளிவந்த ‘ரொம் ஜோன்ஸ்’ நாவலின் இரண்டாம் பகுதித் தொடக்கத்தில் அவர் தமது கொள்கையை வெளிப்படையாக அறிவிக்கிறார். செய்தி இருப்பினும் இல்லாவிடினும் ஒரே அளவு சொற்களால் தாளை நிரப்பும் பத்திரிகையையும், பயணிகள் இருப்பினும் இல்லாவிடினும் ஒரே வழியில் ஓடும் குதிரை வண்டியையும் ஒத்த வரலாற்றாசிரியர்களை எள்ளி நகையாடுகிறார். குறிப்பிடத்தக்கது நிகழாத ஆண்டுகளைத் தாம் தாண்டிச் செல்லப்போவதாக வாசகருக்குச் சொல்லிவிடுகிறார். அவ்வாறே ஒரு பகுதி ஓராண்டையும், இன்னொரு பகுதி சில மணி நேரத்தையும் கொண்டு அமைகின்றது.

இது நேர்மையான விடை. இன்றும் கதை எழுதுவோருக்குப் பயன்படுவது. ஒருவர் கதவைத் திறந்ததையும் படியிறங்கியதையும் சொல்லித்தான் அவரைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டுமென்பதில்லை. ஆயினும், குறிப்பிடத்தக்கது எதுவும் நிகழவில்லை என்ற தீர்ப்பு எவருடைய வாழ்வை அளவாகக் கொண்டது? பண்ணை முதலாளியின் மாளிகைக் கூடத்தில் ஒன்றும் நிகழாத ஆண்டிலும், அதே மாளிகையின் சமையலறையிலும் தொழுவத்திலும் எத்தனையோ நிகழ்ந்திருக்கும். தாண்டிச் செல்வது கலைஞனின் உரிமை. எதைத் தாண்டுகிறான் என்பதில் அவன் நிற்குமிடம் தெரிந்துவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நிலைமை மாறிற்று. நாவல் பெருஞ் சந்தைப் பண்டமாயிற்று. இங்கிலாந்தில் 1820களிலிருந்து ஒரு நாவல் மூன்று தொகுதிகளாக, 31 சிலிங் 6 பென்சு விலையில் வெளிவருவது வழக்கமாயிற்று. சாதாரண மக்கள் அவ்விலை கொடுத்து வாங்க இயலாது. 1842இல் தொடங்கப்பெற்ற மூடியின் வாடகை நூல்நிலையம், ஆண்டுக்கு ஒரு கினி சந்தாவுக்கு ஒருமுறைக்கு ஒரு தொகுதியாக இரவல் கொடுத்தது. ஒரே நாவல் மூன்று தொகுதிகளாயிருப்பின் ஒரே வேளையில் மூன்று சந்தாதாரருக்கு உதவும். ஆகவே நூல்நிலையம் மூன்று தொகுதிகளை விரும்பிற்று, வெளியீட்டாளர் அதற்கிசைந்தனர், ஆசிரியர் ஒரு தொகுதிக்குப் போதுமான கதையை மூன்று தொகுதிகளுக்கு இழுத்தனர். விருந்துகளும் வழிப்பயணங்களும் நீண்ட கடிதங்களும் பக்கங்களை நிரப்பின. அக்கால நாவல்களில் நாம் சலிப்புறும் பகுதிகள் பல ஆசிரியரின் திறமைக் குறைவால் விளைந்தவையல்ல. சந்தையின் கட்டளையால் விளைந்தவை. 1894இல் அதே நூல்நிலையங்கள் தமக்கு இலாபமில்லையெனக் கண்டு கொள்விலையைக் குறைத்ததும் மூன்று தொகுதி முறை சில ஆண்டுகளில் மறைந்தது, நாவலும் மெலிந்தது.

தொடர்கதை இதன் மறுபுறம். 1836 ஏப்ரில் தொடங்கி 1837 நவம்பர் வரை சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘பிக்விக்’ மாதம் ஒரு சிலிங் விலையில் பகுதி பகுதியாக வந்தது. முடிவில் ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய 40,000 படிகள் விற்றன. அதே 1836இல் பரிஸ் நகரில் தொடங்கிய ‘லா பிறெஸ்’ என்னும் மலிவு நாளேடு, பால்சாக்கின் நாவலொன்றை நாட்தொடராக வெளியிட்டது. 1842–43இல் எழென் சூவின் ‘பரிஸ் மர்மங்கள்’ மற்றொரு நாளேட்டின் வாசகரைக் கட்டிப்போட்டது. ஒவ்வொரு தவணை முடிவிலும் ஆவலைத் தூண்டி நிறுத்துவது இங்கே வியாபார அவசியமாயிற்று. தமிழ் வாரப் பத்திரிகைகளின் தொடர்கதையும் இம்மரபின் வழிவந்ததே. இம்முறை சிறுமையானதென்று நாம் கூறவரவில்லை. தந்தையார் கடனுக்காகச் சிறையிருந்ததைச் சிறுவயதிற் கண்ட டிக்கன்ஸ், கடன்காரர் சிறையை அந்நகைச்சுவைத் தொடரினுள்ளேயே கொண்டுவந்து வைத்தார். எனினும் முடிச்சுப் போடும் உத்தி அலுப்பான பகுதியின்மேல் ஒரு பாலத்தை அமைக்கிறதேயன்றி, அப்பகுதிக்கு உயிரூட்டுவதில்லை. அடுத்து என்ன என்ற ஆவலோடு பாலத்தைக் கடக்கும் வாசகன் கீழே ஓடும் ஆற்றைப் பார்ப்பதில்லை.

ஆற்றினுள் இறங்கியவர்கள் மூவரை இனி நோக்குவோம்.

குஸ்தாவ் புளோபேரின் ‘மதாம் பொவாரி’ 1856இன் இறுதியில் ‘பரிஸ் சஞ்சிகை’யில் வெளிவந்தது, ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டில் வழக்குத் தொடரப்பட்டு, 1857 பெப்ரவரியில் விடுதலை பெற்றது. அந்நாவலின் விவசாயக் கண்காட்சி அதிகாரத்துக்காக அவர் 1853இற் பல மாதங்கள் உழைத்தார். ஒரு கிராமப்புறக் கூட்டம். அதிகாரிகளின் நீண்ட மேடைப்பேச்சுகள். மாட்டுக்கும் உரத்துக்கும் பரிசுகள். இவற்றைவிட அலுப்பானவை உண்டா? புளோபேர் அப்பேச்சுகளைச் சுருக்கவுமில்லை, அழகுபடுத்தவுமில்லை. மேடையில் அதிகாரி விவசாயத்தின் பெருமையை முழங்க, மேல்மாடியில் ஒரு கனவான் எம்மாவிடம் காதல் வசனம் பேசுகிறான். இரண்டும் மாறி மாறி வருகின்றன. இரண்டுமே தேய்ந்த சொற்கள், இரண்டுமே பொய் என்பது ஆசிரியர் ஒரு சொல்லும் கூறாமலே விளங்கிவிடுகிறது.

அச்சொற்பெருக்கின் நடுவே ஒரு முதிய வேலைக்காரி மேடையேறுகிறாள். ஒரே பண்ணையில் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் வேலை செய்ததற்காக அவளுக்கு 25 பிராங்கு பெறுமதியான ஒரு வெள்ளிப் பதக்கம். தூசியும் காரநீரும் கம்பளி அழுக்கும் தின்று காய்த்துப்போன அவளது கைகளை ஆசிரியர் விவரிக்கிறார். அரைநூற்றாண்டு ஊழியம் அங்கே நிற்கிறது. பேச்சாளர்களின் மணிக்கணக்கான சொற்கள் அக்கைகளின் முன் உதிர்ந்துவிடுகின்றன. புளோபேர் சோசலிசவாதியல்லர், மக்கட்கிளர்ச்சிகளை வெறுத்தவர். ஆயினும் அலுப்பை மறைக்க முயலாது அதனைக் கூர்ந்து நோக்கியமையால், தம் காலத்தின் உண்மையொன்றை எழுதிவிட்டார்.

1875 முதல் 1877 வரை வெளிவந்த டோல்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வில், நிலவுடைமையாளனான லெவின் குடியானவரோடு சேர்ந்து புல்லரியும் அதிகாரங்கள் உள்ளன. கதையோட்டத்தைக் கருதுவோர் அவற்றை எடுத்துவிடலாமென்பர். அன்னாவின் விதி அதனால் இம்மியும் மாறாது. ஆனால் அந்நாவலை வாசித்தோர் பலர் மறவாதிருப்பது அப்பகுதியையே. நீண்ட பிடியுடைய அரிவாளை முதலிற் பிடிக்கையில் லெவினின் கைகள் சொற்கேட்பதில்லை. முன்செல்பவன் எப்போது நின்று அரிவாளைத் தீட்டுவான் என்று அவன் மனம் ஏங்குகிறது. சிறிது சிறிதாக உடல் தாளத்தைப் பற்றிக்கொள்ள, நேரம் போனதே தெரியாத நிலை வருகிறது. ஒரு கிழவர் அரிந்துகொண்டே, அகப்பட்ட காளான்களைத் தம் மனைவிக்கெனப் பொறுக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். டோல்ஸ்டாய் இன்னொன்றையும் சொல்லாமல் விடவில்லை. பண்ணையடிமைக் காலத்தில் முப்பது அரிவாள்கள் இரண்டு நாளில் அரிந்த அப்பெரும் புல்வெளியை, இப்போது நாற்பத்திரண்டு பேர் ஒரே நாளில் ஏறக்குறைய முடித்துவிடுகின்றனர். 1861இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்ட வரலாறு ஒரு கணக்காகப் புல்வெளியிற் கிடக்கிறது. லெவின் மாலையில் மாளிகைக்குத் திரும்புவான். மற்றையோர் மறுநாளும் அரிய வருவர். இவ்வேறுபாட்டை டோல்ஸ்டாய் முழுதும் எதிர்கொண்டாரெனல் இயலாது. ஆனால் உழைப்பை வெளியில் நின்று வருணிக்காது, உடம்பினுள்ளிருந்து சொன்னார். அதுவே அப்பகுதியின் உயிர்.

மூன்றாமவர் எமில் சோலா. 1884ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வட பிரான்சின் அன்சான் நிலக்கரிப் பகுதியிற் பெருவேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கையில் அவர் அங்கு சென்றார், சுரங்கத்தினுள் இறங்கினார், குறிப்புகள் எடுத்தார். 1885இல் ‘ஜெர்மினல்’ நூலாக வெளிவந்தது. அதன் முதற்பகுதியில் சுரங்கவேலை மிக விரிவாகச் சொல்லப்படுகிறது. கரி வெட்டப்பட்ட இடத்தில் மேற்பாறை சரியாமலிருக்க முட்டுமரம் நிறுத்த வேண்டும். ஆனால் கூலி, வெட்டி அனுப்பும் வண்டிக் கணக்குக்கே. முட்டுக்கொடுக்கும் நேரம் கூலியற்ற நேரம். ஆகவே தொழிலாளர் அதனை அவசர அவசரமாகச் செய்கின்றனர். பொறியியலாளன் வந்து தண்டம் விதிக்கிறான். முதல் வாசிப்பில் இது ஒரு தொழிற்செய்தி மாத்திரமே.

பின்னர் நிகழ்வதைக் கவனிக்க வேண்டும். முட்டுக்கொடுத்தலுக்குத் தனிக்கூலி தருவதாகக் கம்பனி அறிவிக்கிறது. அதே அறிவித்தலில் வண்டிக்கான கூலியை 50 சந்தீமிலிருந்து 40 ஆகக் குறைக்கிறது. சலுகைபோற் காட்டிய கூலிவெட்டு அது. மேற்பாறை சரிந்து ஒரு சிறுவனின் கால்கள் முறிகின்றன. வேலைநிறுத்தம் மூளுகிறது. நாவலின் பெரும்புயல் முழுவதும், நாம் புரட்டித் தள்ள நினைத்த முட்டுமரப் பக்கங்களிற் கருக்கொண்டதே. அப்பக்கங்களை வாசியாதவனுக்கு வேலைநிறுத்தம் வெறும் கூச்சல்; வாசித்தவனுக்கு அது பத்துச் சந்தீமின் நியாயம். 1902இல் சோலாவின் இறுதி ஊர்வலத்திற் கலந்துகொண்ட சுரங்கத் தொழிலாளர் அந்நாவலின் பெயரையே முழங்கிச் சென்றனர். தம் வேலையை ஒருவன் சரியாக அறிந்து எழுதினான் என்பதற்கு அவர்கள் அளித்த நற்சான்று அது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? அலுப்பு பொருளில் இல்லை. பலகை செதுக்கலிலும் புல்லரிதலிலும் முட்டுமரத்திலும் அலுப்பு இல்லை. ஒரு வேலையைச் செய்பவருக்கு அதிற் கிடைப்பது என்ன, இழப்பது என்ன, தடுப்பது எது, தவறினால் நேர்வது என்ன என்பவற்றை அறியாது, பார்வையாளனாக நின்று எழுதும்போதே அலுப்புப் பிறக்கிறது. தாண்டுவதும் முடிச்சிடுவதும் துணை உத்திகள். பகுதியினுள்ளேயே எவருக்கேனும் ஏதேனும் ஒன்று பணயமாக இருக்க வேண்டும் என்பதே அடிப்படை.

இதனை நாம் வற்புறுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு. மக்கள் இலக்கியம் படைப்போம் எனப் புறப்பட்ட நாவல்கள் பலவற்றில் தொழிலாளர் பேசுகிறார்கள், வேலை செய்வதில்லை. அதிகாரத்துக்கு அதிகாரம் கூட்டம் நடக்கிறது, சொற்பொழிவு நிகழ்கிறது, இறுதியிற் செங்கொடி பறக்கிறது. ஆனால் அத்தொழிலாளி காலையில் எத்தனை மணிக்கு எழுந்தான், எந்தக் கருவி அவன் கையைக் கிழித்தது, அவன் கூலியிற் கழிக்கப்பட்டது எவ்வளவு என்பன அங்கில்லை. உழைப்பு அலுப்பான விஷயமென்ற முடிவை, அதனைச் சுரண்டியோரிடமிருந்தே இவ்வெழுத்தாளரும் இரவல் வாங்கியிருக்கின்றனர். வாசகர் அப்பக்கங்களைப் புரட்டித் தள்ளினால், அவர்களுக்கு அரசியல் உணர்வு போதாதென்று குறைகூறுவது நீதியாகாது. கண்காட்சி மேடையின் பேச்சைப் புளோபேர் எதன்முன் நிறுத்திக் காட்டினாரோ, அந்தக் கைகளை நாமும் காட்ட வேண்டும்.

நமது நாட்டிலேயே எடுத்துக்கொள்வோம். மலையகத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு ‘பேர்’. குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாவிடின் அது ‘அரைப்பேர்’ ஆகிவிடும். தராசடியிற் கூடை தூக்கப்படும் அச்சிறு பொழுதில், ஈரத்துக்கும் கூடைக்கும் எவ்வளவு கழிக்கப்படுகிறதென்று ஒரு பெண் முள்ளையே பார்த்து நிற்கிறாள். வெளியாருக்கு அது நாள்தோறும் நிகழும் சலிப்பான காட்சி. அவளுக்கோ அன்றைய நாளே அம்முள்ளில் ஆடுகிறது. இக்காட்சியைத் தாண்டிச் சென்று நேரே வேலைநிறுத்தத்துக்குப் போகும் நாவல், தன் வேரைத் தானே வெட்டிக்கொள்கிறது.

ஆதலால் எழுத விரும்பும் ஆசிரியரும் மாணவரும் உத்தி நூல்களைத் தேடுமுன், தாம் எழுதப்போகும் தொழிலின் கணக்கைக் கற்றல் நன்று. எத்தனை இறாத்தல், எத்தனை முழம், எத்தனை நாள், எவ்வளவு கூலி, எவ்வளவு கழிவு என்று கேட்டறிக. அத்தொழிலைச் செய்வோரிடம் எழுதியதை வாசித்துக் காட்டுக. அவர்கள் எவ்விடத்திற் குறுக்கிட்டு, “அப்படியல்ல, இப்படி” என்று திருத்துகிறார்களோ, அவ்விடத்திலிருந்து மீண்டும் எழுதுக.